பாக்டீரிய ரைபோசோமின் படிக அமைப்பு: எந்த உயிரியின் அமைப்பு? – ஒரு வரலாற்றுநிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாக்டீரிய ரைபோசோமின் அணுநிலை அமைப்பு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது என்பது பாடநூல்களிலும் வகுப்புரைகளிலும் நிலைபெற்றுவிட்ட கூற்று. அவ்வாண்டில் வெளியான அமைப்புகளுள் மிகுந்த தெளிவுடையதாகிய பெரிய துணை அலகின் அமைப்பு பாக்டீரியாவினுடையது அன்று. சாக்கடலில் வாழும் ஓர் ஆர்க்கியாவினுடையது. சிறிய துணை அலகு வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது. உயிர்வேதியியலார் அரை நூற்றாண்டாகப் பயின்ற எஸ்செரிச்சியா கோலையின் முழு ரைபோசோம் அமைப்பு 2005இல்தான் கிடைத்தது. படிகமாவதற்கு இசைந்த உயிரிகளே இத்துறையின் வரலாற்றை வடிவமைத்தன என்பதையும், அத்தேர்வின் விளைவுகள் மருந்தாய்வில் எவ்வாறு வெளிப்பட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரைபோசோம், படிகவியல், ஆர்க்கியா, கட்டச் சிக்கல், நுண்ணுயிர் எதிர்ப்பிகள், அறிவியல் வரலாறு

முன்னுரை

2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, ரைபோசோமின் அமைப்பையும் செயற்பாட்டையும் ஆராய்ந்தமைக்காக வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன்பின் இவ்வரலாறு பெரும்பாலும் மூவர் வரலாறாகவே எழுதப்படுகிறது. இராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பரோடாவுக்குப் பெயர்ந்தவர். ஆதலின் தமிழில் எழுதுவோர் பிறப்பிடத்தில் தொடங்கிப் பரிசில் முடித்துவிடும் போக்கும் உண்டு. ஆய்வாளரை மையமாகக் கொண்ட இவ்வகை எழுத்தில் ஆய்வுக்குள்ளான உயிரிகள் மறைந்துபோகின்றன. 'ரைபோசோம்' என்று பொதுப்பெயரால் சுட்டும்போது எந்த உயிரியின் ரைபோசோம் என்னும் வினா எழுவதில்லை. அவ்வினாவை முன்வைத்து 1980 முதல் 2010 வரையிலான முப்பதாண்டுக் கால வரலாற்றை மீளப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமச்சீரற்ற பேருரு

ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் நுண்ணோக்கியின்வழி 1950களின் நடுப்பகுதியில் விவரித்த நுண்துகள்களுக்கு 1958இல் ரிச்சர்டு ராபர்ட்ஸ் 'ரைபோசோம்' எனப் பெயரிட முன்மொழிந்தார். பாக்டீரியாவில் இது வீழ்படிவு வேகத்தைக் குறிக்கும் ஸ்வெட்பெர்க் அலகில் 70எஸ் எனப்படும். இது 50எஸ் என்னும் பெரிய துணை அலகாகவும் 30எஸ் என்னும் சிறிய துணை அலகாகவும் பிரியும். எஸ்செரிச்சியா கோலையில் பெரிய அலகு 2904 நியூக்ளியோடைடுகள் கொண்ட 23எஸ் ஆர்.என்.ஏ., 120 நியூக்ளியோடைடுகள் கொண்ட 5எஸ் ஆர்.என்.ஏ., முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் ஆகியவற்றால் ஆனது. சிறிய அலகில் 1542 நியூக்ளியோடைடுகள் கொண்ட 16எஸ் ஆர்.என்.ஏ.வும் இருபதுக்கு மேற்பட்ட புரதங்களும் உள்ளன. முழுத்துகளின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 25 இலட்சம் டால்டன்.

நிறை மட்டும் இங்குத் தடையன்று. நச்சுயிரிகளுள் சில இதனினும் பெரியவை. அவற்றின் படிக அமைப்புகள் 1970களின் இறுதியிலேயே வெளிவரத் தொடங்கின. ஆனால் நச்சுயிரியின் மேலுறை ஒரே அலகு பன்முறை அடுக்கப்பெற்ற சமச்சீர் வடிவம். ஒரு பகுதியை அறிந்தால் மற்றவற்றைப் பெருக்கிக்கொள்ளலாம். ரைபோசோமில் அத்தகைய சலுகை எதுவும் இல்லை. ஒவ்வொரு புரதமும் பொதுவாக ஒருமுறையே இடம்பெறும். மேலும் அது அசையும் இயந்திரம்; அதன் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து நகர்கின்றன. படிகம் என்பதோ ஒரே நிலையிலுள்ள மூலக்கூறுகள் ஒழுங்குடன் அடுக்கப்பட்ட திண்மம். அசைவதையே தொழிலாகக் கொண்ட ஒன்றைப் படிகமாக்க முடியாது என்று அக்காலத்தில் பலர் கருதியதில் வியப்பில்லை.

ஆகவே மாற்றுவழிகள் நாடப்பட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரும் டொனால்ட் எங்கல்மனும் நியூட்ரான் சிதறலைப் பயன்படுத்தி, 30எஸ் அலகின் புரதங்களை இரண்டிரண்டாக எடுத்து அவற்றிடையிலான தொலைவை அளந்தனர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பின் உயிரியலுக்கு மாறிய இராமகிருஷ்ணன், 1978இல் முனைவர்பட்ட மேலாய்வாளராகச் சேர்ந்தது இப்பணியில்தான். புரதங்களின் அமைவிட வரைபடம் 1987இல் முழுமையடைந்தது. இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் ஆர்.என்.ஏ. எங்கே எவ்வாறு மடிந்துள்ளது என்பதை அவ்வரைபடம் காட்டவில்லை.

பெர்லினிலும் புஷ்சினோவிலும்

பெர்லினில் இருந்த மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் ஹெய்ன்ஸ்-குந்தர் விட்மன் ரைபோசோம் புரதங்களைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் ஏற்பாடுகளை உருவாக்கியிருந்தார். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த அடா யோனாத் 1970களின் இறுதியில் அவருடன் இணைந்தார். மிதிவண்டி விபத்தில் தலையில் அடிபட்டு ஓய்விலிருந்த காலத்தில், குளிர்காலத் துயிலில் ஆழும் கரடிகளின் உயிரணுக்களில் ரைபோசோம்கள் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன எனப் படித்ததே தம்மை இம்முயற்சிக்குத் தூண்டியது என அவர் பின்னர்க் கூறியுள்ளார். இத்தகைய தொடக்கக் கதைகள் எளிதில் பரவுகின்றன. விட்மனின் ஆய்வகத்தில் தூய ரைபோசோம் கிராம் கணக்கில் கிடைத்தது என்ற செய்தி அவ்வாறு பரவுவதில்லை. படிகமாக்கலுக்கு அதுவே முதல் தேவை.

1980இல் பேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்னும் வெப்பவிரும்பி பாக்டீரியாவின் 50எஸ் அலகிலிருந்து முதற்படிகங்கள் வளர்க்கப்பட்டன. தேர்வின் காரணம் தெளிவானது: வெப்பத்தைத் தாங்கும் உயிரியின் மூலக்கூறுகள் பிரித்தெடுக்கும்போது எளிதில் சிதைவதில்லை. நன்கு அறியப்பட்ட உயிரியைக் கைவிட்டு, நன்கு நிலைத்து நிற்கும் உயிரியை நாடியது இத்துறையின் முதல் திருப்பம். இப்படிகங்கள் அணுநிலைத் தெளிவைத் தரவில்லை. ஆயினும் ரைபோசோம் படிகமாகும் என்பதற்கு அவை சான்றாயின.

சோவியத் ஒன்றியத்தில் புஷ்சினோ நகரில் அலெக்சாண்டர் ஸ்பிரின் தலைமையிலான புரத ஆய்வு நிறுவனமும் இதே வழியில் சென்றது. அங்குள்ள குழு 1987இல் தெர்மஸ் தெர்மோபிலஸ் என்னும் வெந்நீர் ஊற்று பாக்டீரியாவின் 30எஸ் அலகையும் முழு 70எஸ் ரைபோசோமையும் படிகமாக்கியது. இப்பணி பின்னாளைய வரலாறுகளில் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படுகிறது. ஆனால் இராமகிருஷ்ணன் 30எஸ் அமைப்பை அடைந்தது இவ்வகைப் படிகத்தின்வழியே. கலிபோர்னியாவில் ஹாரி நோலர் குழு 70எஸ் அமைப்பை அடைந்ததும் புஷ்சினோவிலிருந்து வந்த மராட் யூசுபோவ், குல்நாரா யூசுபோவா ஆகியோரின் துணையோடுதான். சாதனைப் பட்டியலில் புஷ்சினோவுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சாக்கடலின் உயிரி

பெர்லின்–வைஸ்மன் கூட்டாய்வு 1980களில் சாக்கடல் உயிரியொன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அப்போது அதன் பெயர் ஹாலோபாக்டீரியம் மாரிஸ்மார்ட்டுயி; இன்று ஹாலோஆர்குலா மாரிஸ்மார்ட்டுயி. மிகுந்த உப்புச் செறிவில் வாழும் இவ்வுயிரியின் ரைபோசோம் அவ்வுப்பிலேயே நிலைத்து நிற்கும். அதன் 50எஸ் படிகங்கள் படிப்படியாகச் செம்மையுற்று, 1991 அளவில் 3 ஆங்ஸ்ட்ராம் வரை விளிம்பு விளைவைக் காட்டின. எக்ஸ் கதிர் பட்டதும் படிகங்கள் சிதைந்தமையால் ஹாகோன் ஹோப்பின் ஒத்துழைப்போடு அவற்றைக் கடுங்குளிரில் உறையவைத்துத் தரவு திரட்டும் முறை கையாளப்பட்டது. 1989இல் வெளியான இம்முறை இன்று புரதப் படிகவியல் முழுமைக்கும் பொதுவாகிவிட்டது.

இங்கு ஒரு பெயர்ச்சிக்கலைக் கருத வேண்டும். கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977இல், மெத்தனாக்கும் நுண்ணுயிரிகள் பிற பாக்டீரியாக்களினின்றும் அடிப்படையிலேயே வேறானவை என நிறுவினர். உப்புவிரும்பிகள் சிலவும் விரைவிலேயே அவ்வினத்தில் சேர்க்கப்பட்டன. அவர்கள் சான்றாகக் கொண்டது ரைபோசோமின் சிறிய அலகிலுள்ள ஆர்.என்.ஏ.வையே. அவ்வினத்திற்கு முதலில் இட்ட பெயர் 'ஆர்க்கிபாக்டீரியா'. 1990இல் வோஸும் அவருடன் பணியாற்றியோரும் 'பாக்டீரியா' என்னும் பின்னொட்டை நீக்கி 'ஆர்க்கியா' எனத் தனிப் பெரும்பிரிவாக வகுத்தனர். ரைபோசோமே இவ்வுயிரி பாக்டீரியா அன்று என்று காட்டியது; ஆயினும் இவ்வுயிரியின் ரைபோசோம் 'பாக்டீரிய ரைபோசோம்' என்ற தலைப்பின்கீழ்ப் பயிலப்பட்டது. நம் பாடநூல்களில் 'ஆர்க்கிபாக்டீரியா' என்ற பழம்பெயர் இன்றும் வழங்குவதால் இக்குழப்பம் தமிழில் கூடுதலாகவே நீடிக்கிறது.

வேறுபாடு பெயரளவினது மட்டுமன்று. 'எஸ்' அளவைப் பொறுத்தவரை ஆர்க்கியாவின் துணை அலகுகளும் 50எஸ், 30எஸ் என்றே அமைகின்றன. புரதங்களின் வரிசையமைப்பிலும், ஆர்.என்.ஏ.வின் சில முக்கிய நிலைகளிலும் அவை யூகேரியோட்டுகளை நெருங்கி நிற்கின்றன.

2000ஆம் ஆண்டு

நல்ல படிகம் கிடைத்தபின்னும் 'கட்டச் சிக்கல்' எஞ்சியிருந்தது. விளிம்பு விளைவுப் புள்ளிகளின் செறிவை அளக்கலாம். அலைகளின் கட்டத்தை அளக்க இயலாது. கட்டம் அறியாமல் எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட முடியாது. சிறு புரதங்களில் ஓரிரு பாதரச அணுக்களைப் பதித்து இதைத் தீர்க்கலாம். ரைபோசோமின் பெருநிறைக்கு முன் ஓரிரு அணுக்கள் கடலிற் கரைத்த உப்பாகும். யேலில் ஸ்டைட்ஸ், மூர் ஆகியோரின் குழு டங்ஸ்டன் அணுத்திரள்களைப் பயன்படுத்தியது. அத்திரள்களின் இருப்பிடத்தை உறுதிசெய்ய, ஜோக்கிம் ஃபிராங்க் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பெற்ற வடிவம் துணைபுரிந்தது. நெனாத் பானை முதலாசிரியராகக் கொண்டு 1998இல் 9 ஆங்ஸ்ட்ராம், 1999இல் 5 ஆங்ஸ்ட்ராம் எனப் பிரிதிறன் உயர்ந்தது. சாக்கடல் உயிரியின் படிகங்களில் இரட்டைப்படிகக் குறை இருப்பதை அக்குழு கண்டறிந்து, வளர்ப்பு நிலைகளை மாற்றி அதை நீக்கியதும் இக்காலத்தில்தான்.

2000 ஆகஸ்டில் வெளியான 2.4 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு 3045 நியூக்ளியோடைடுகளில் 2833ஐயும் 31 புரதங்களில் 27ஐயும் உள்ளடக்கியது. பவுல் நிசனை முதலாசிரியராகக் கொண்ட இணைக்கட்டுரை அதன் உட்பொருளை விளக்கியது: பெப்டைடு பிணைப்பு உருவாகும் மையத்தைச் சுற்றி ஏறத்தாழ 18 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் புரதத்தின் பக்கத்தொடர் எதுவும் இல்லை. புரதத்தை உருவாக்கும் நொதி புரதம் அன்று, ஆர்.என்.ஏ. தொன்மை ரைபோசோம் ஆர்.என்.ஏ.வால் மட்டுமே ஆகியிருக்கலாம் எனப் பிரான்சிஸ் கிரிக் 1968இல் ஊகித்திருந்தார். பெரும்பாலான புரதங்களை அகற்றிய பின்னும் பெரிய அலகின் வினைத்திறன் எஞ்சி நிற்பதை நோலர் 1992இல் வெப்பவிரும்பி பாக்டீரியாவில் காட்டியிருந்தார். ஊகமாகவும் மறைமுகச் சான்றாகவும் இருந்தது இப்போது காட்சியாயிற்று.

செப்டம்பர் மாதத்தில் தெர்மஸ் தெர்மோபிலஸின் 30எஸ் அமைப்பு இருமுறை வெளியாயிற்று. யோனாத் குழுவின் 3.3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு முதலிலும், இராமகிருஷ்ணன் குழுவின் 3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு மூன்று வாரங்களுக்குள் அடுத்தும் வந்தன. பின்னதோடு இணைந்த கட்டுரையில் ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்பெக்டினோமைசின், பாரோமோமைசின் ஆகிய மருந்துகள் பிணைந்த நிலையும் விளக்கப்பட்டது. எஸ்1 என்னும் புரதத்தை நீக்கிய துகள்களிலிருந்து படிகம் வளர்த்தது அக்குழுவின் வெற்றிக்குத் துணையாயிற்று. முழு 70எஸ் துகளைப் பொறுத்தவரை, நோலர் குழு 1999இல் 7.8 ஆங்ஸ்ட்ராம், 2001இல் 5.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் அமைப்பை வெளியிட்டது. அத்தெளிவில் அணுக்கள் தெரியா. ஆனால் மூன்று கடத்து ஆர்.என்.ஏ.க்கள் இரு அலகுகளுக்கிடையே நிற்கும் நிலை தெரிந்தது. பரிசு மூவருக்கு மேல் பகிரப்படாது என்ற விதியால் நோலர் விடுபட்டார். இது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆக 2000ஆம் ஆண்டின் முடிவில் கைவசம் இருந்தவை ஓர் ஆர்க்கியாவின் பெரிய அலகும் ஒரு பாக்டீரியாவின் சிறிய அலகும். இவ்விரண்டும் எந்த உயிரணுவிலும் ஒருங்கே இருப்பவை அல்ல.

எண்ணும் இடமும்

நிசன் முதலானோர் வினைமையத்தில் குறிப்பிட்ட அடினைன், ஹாலோஆர்குலாவில் 2486ஆம் நிலையில் உள்ளது. ஆனால் கட்டுரைகளில் அது பெரும்பாலும் 2451 என்றே சுட்டப்படுகிறது. அது கோலை பாக்டீரியாவின் எண். 16எஸ், 23எஸ் ஆர்.என்.ஏ.க்களின் முழு வரிசை நோலரின் ஆய்வகத்தில் 1978இலும் 1980இலும் கோலைக்கே முதலில் பெறப்பட்டது. பல்லாண்டு உயிர்வேதியியல் ஆய்வுகள் அவ்வெண்களிலேயே பதிவாகியிருந்தன. எனவே எந்த உயிரியின் அமைப்பாயினும் அதன் எண்கள் கோலையின் எண்களுக்கு மாற்றப்பட்டன. சுவடிப்பதிப்பில் ஒரு படியை அடிப்படையாகக் கொண்டு பிற படிகளின் பாடவேறுபாடுகளை அதன் வரியெண்ணோடு இணைப்பதை இது ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே அடிப்படைப் படியின் எழுத்துகள் மட்டுமே தெரிந்திருந்தன. அதன் உருவத்தை 2000இல் எவரும் அணுநிலையில் கண்டிருக்கவில்லை. எண் மாற்றம் வசதிக்காகச் செய்யப்பட்டது; படிப்போர் மனத்தில் அது உயிரி மாற்றமாகவும் பதிந்தது.

அந்த 2451ஆம் அடினைனே வினையை நேரடியாக ஊக்குவிக்கிறது என்ற முதற்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்விடத்தில் மாற்றம் செய்யப்பட்ட பாக்டீரிய ரைபோசோம்களும் பெப்டைடு பிணைப்பை உருவாக்குவதை 2001 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆர்.என்.ஏ. நொதி என்ற அடிப்படை முடிவு இதனால் பாதிக்கப்படவில்லை. வினைநிகழும் முறை பற்றிய விளக்கமே மாறியது.

மருந்துகள் வெளிப்படுத்திய வேறுபாடு

உயிரித் தேர்வின் விளைவு மிகத் தெளிவாகப் புலப்பட்டது நுண்ணுயிர் எதிர்ப்பிகளில்தான். எரித்ரோமைசின் பெரிய அலகின் வெளியேறு சுரங்கத்தில் பிணைந்து, வளரும் புரதத் தொடரின் வழியை அடைக்கிறது. அதன் பிணைப்புக்கு 2058ஆம் நிலையில் அடினைன் இருத்தல் வேண்டும். பாக்டீரியாவில் அதுவே உள்ளது. அவ்விடம் குவானைனாக மாறினாலோ, அந்த அடினைன் மெத்திலேற்றம் பெற்றாலோ பாக்டீரியா மருந்தை எதிர்த்து நிற்கும். மனிதரின் சைட்டோபிளாச ரைபோசோமில் அவ்விடத்தில் குவானைன் இருப்பது, இம்மருந்து நம் உயிரணுவின் புரத ஆக்கத்தை விட்டு நோய்க்கிருமியினதை மட்டும் தடுப்பதற்கு ஒரு காரணம். சாக்கடல் உயிரியிலும் அவ்விடத்தில் இருப்பது குவானைனே. மிகத் தெளிவான படிகத்தைத் தந்த உயிரி, மருந்து நன்கு பிணையாத உயிரியாக இருந்தது.

யோனாத் குழு இதை உணர்ந்தே வேறு பாதையைத் தேர்ந்தது. கதிர்வீச்சைத் தாங்கும் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்னும் உண்மையான பாக்டீரியாவின் 50எஸ் அலகை 3.1 ஆங்ஸ்ட்ராம் அளவில் 2001இல் வெளியிட்டு, அதே ஆண்டில் எரித்ரோமைசின், குளோராம்பெனிகால் முதலிய மருந்துகள் பிணைந்த அமைப்புகளையும் தந்தது. யேல் குழுவோ சாக்கடல் உயிரியிலேயே மருந்துகளை உயர்செறிவில் ஊறவைத்து ஆராய்ந்தது. இரு குழுக்களின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. எரித்ரோமைசின் வகையைச் சேர்ந்த மருந்துகளின் வளையம் எவ்வாறு வளைந்துள்ளது என்பதில் வேறுபாடு; குளோராம்பெனிகால் எங்கே பிணைகிறது என்பதிலேயே வேறுபாடு. இவை உயிரிகளின் வேறுபாடா, தரவை விளக்கியதில் நேர்ந்த வேறுபாடா?

யேல் குழு 2005இல் சாக்கடல் உயிரியின் அந்த ஒரு குவானைனை (அதன் சொந்த எண் 2099) அடினைனாக மாற்றி அமைப்பை மீண்டும் பெற்றது. மருந்து இப்போது நன்கு பிணைந்தது. அதன் வடிவம் முன்னர் அக்குழு கண்டதையே ஒத்திருந்தது. 2010இல் கோலை பாக்டீரியாவிலும் தெர்மஸ் தெர்மோபிலஸிலும் தனித்தனியே பெறப்பட்ட அமைப்புகள் இச்சிக்கலுக்கு விடை தந்தன. எரித்ரோமைசினின் வடிவம் குறித்துச் சாக்கடல் உயிரியிலிருந்து பெற்ற விளக்கமே பாக்டீரியாவுக்கும் பொருந்திற்று. குளோராம்பெனிகாலில் நிலை வேறு. பாக்டீரியாவில் அது டெய்னோகாக்கஸ் அமைப்பு சுட்டிய பகுதியிலேயே பிணைகிறது, அமைந்துள்ள திசை மட்டும் வேறு. சாக்கடல் உயிரியில் காணப்பட்ட இடம் பாக்டீரியாவுக்கு உரியதன்று. ஒரு மருந்தில் ஆர்க்கியா சரியான வழிகாட்டியாயிற்று. மற்றொன்றில் உண்மையான பாக்டீரியாவே வழிகாட்டியாயிற்று. எந்த உயிரி பொதுமைக்கு உரியது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று இத்துறையில் இல்லை.

கோலையின் வருகை

ஜேமி கேட் குழு 2005இல் எஸ்செரிச்சியா கோலையின் முழு ரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் வெளியிட்டது. மறு ஆண்டில் இராமகிருஷ்ணன் குழு தெர்மஸ் தெர்மோபிலஸின் 70எஸ் அமைப்பை, செய்தி ஆர்.என்.ஏ., கடத்து ஆர்.என்.ஏ. ஆகியவற்றுடன் 2.8 ஆங்ஸ்ட்ராம் அளவில் தந்தது. 'பாக்டீரிய ரைபோசோமின் படிக அமைப்பு' என்ற தொடர் இரு அலகுகளும் சேர்ந்த முழுத்துகளைக் குறித்து, அணுநிலையில், சொல்லுக்குச் சொல் உண்மையானது இவ்விரு ஆண்டுகளில்தான்.

முழு பாக்டீரியத் துகளைக் கண்டபோது 2000ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முடிவுக்கும் ஓர் அடிக்குறிப்பு தேவையாயிற்று. எல்27 என்னும் புரதத்தின் முனை, பெப்டைடு பிணைப்பு மையத்தின் அருகே வரை நீண்டு கடத்து ஆர்.என்.ஏ.வைத் தொடுவதை இராமகிருஷ்ணன் குழு 2009இல் காட்டியது. 18 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் என்ற விவரம் பாக்டீரியாவுக்கு அப்படியே பொருந்தாது. எல்27 ஆர்க்கியாவில் இல்லை. இப்புரதம் நீக்கப்பட்ட கோலை பாக்டீரியா மெதுவாக வளரினும் உயிர்வாழ்வதால், வினையை நடத்துவது ஆர்.என்.ஏ.வே என்பதில் மாற்றமில்லை. வகுப்பறையில் அந்த 18 ஆங்ஸ்ட்ராமைக் குறிப்பிடும் ஆசிரியர், அது சாக்கடல் உயிரியின் அளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது.

எலக்ட்ரானை நேரடியாக உணரும் கருவிகள் 2012ஐ ஒட்டிப் பரவலானபின் ஆய்வகங்கள் படிகத்தை விட்டுக் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறின. எந்த உயிரி படிகமாகும் என்ற கேள்வியே தேவையற்றதாயிற்று. மனித, ஈஸ்ட், ஒட்டுண்ணி ரைபோசோம்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 2020இல் கேட் குழு எஸ்செரிச்சியா கோலையின் ரைபோசோமை 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் வெளியிட்டது. சாக்கடல் உயிரி இருபதாண்டுகளுக்கு முன் தந்த 2.4 ஆங்ஸ்ட்ராமைவிட நுட்பமான அப்படத்துக்காகப் படிகம் எதுவும் வளர்க்கப்படவில்லை.